பெங்களூர் அல்சூர்ல 1912-ல கட்டின பொதுச்செவுரு வீட்ட இடிக்காம புதுப்பிச்சோம், அந்த ஆர்க்கிடெக்ட் டீம் பத்தி என் ரிவ்யூ

வேலை முடிஞ்சு குடி வந்தது 2025 பிப்ரவரில. அப்பவே எழுதச் சொல்லி நாலஞ்சு பேர் கேட்டாங்க, ஆனா ஒரு மழைக்காலம் முழுசா தாண்டாம எழுதக்கூடாதுன்னு இருந்தேன், ஏன்னா பழைய வீட்டு வேலைக்கு உண்மையான பரீட்சை மழை தான், பெயிண்ட் காயாத வீட்டப் பாத்துட்டு அஞ்சு ஸ்டார் போடுறதுல அர்த்தமே இல்ல. மே மாசம் பெங்களூரே மூழ்குன அந்த மழையும் போச்சு, அதுக்கப்புறம் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் எல்லாம் போச்சு, இப்ப தைரியமா எழுதுறேன்.

டீமோட பேர போடல. நல்லதும் சொல்லப் போறேன், சில குறைகள கொஞ்சம் காரமாவே சொல்லப் போறேன், அந்தக் குறையெல்லாம் இன்னும் அவங்களோட பேசிட்டு இருக்குற விஷயம், அதனால பேர் வேண்டாம். சின்ன ஆபீஸ், ரெண்டு ஆர்க்கிடெக்ட், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வெளிலேருந்து வர்றவர், வேலைக்கு அவங்களே ஒரு மேஸ்திரி குரூப் வச்சிருக்காங்க, அவ்வளவு தான்.

முதல்ல வீட்டப் பத்தி சொல்லணும், இல்லன்னா எதுவும் புரியாது. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னாடி தெருக்கள்ல வந்தீங்கன்னா தெரியும், வீடுங்க தோளோட தோள் ஒட்டி நிக்கும், நடுவுல ஒரு விரல் கூட போகாது. எங்க வீடு அகலம் பன்னெண்டரை அடி, நீளம் 58 அடி, ரயில் பொட்டி மாதிரி. ரெண்டு பக்கமும் செவுரு பக்கத்து வீட்டுக்காரங்களோட பொது, பத்திரத்துலயே பொதுச்சுவர்னு எழுதியிருக்கு. எங்க கொள்ளுத் தாத்தா ஆற்காடு பக்கத்துலேருந்து வந்தவர், கன்டோன்மென்ட்ல ஒரு கான்ட்ராக்டர்கிட்ட கணக்கு எழுதிட்டு இருந்தாராம், 1912-ல இந்த வீட்ட கட்டினார். 1809-ல இங்க கன்டோன்மென்ட் வந்ததிலேருந்து மெட்ராஸ் பக்கத்து ஆளுங்க பட்டாளத்தோட பின்னாடியே வந்து குடியேறின ஏரியா தானே இது, மெட்ராஸ் சேப்பர்ஸ்ங்குற ராணுவ இன்ஜினியர் படை இன்னிக்கும் ஏரி பக்கத்துல தான் இருக்கு, அதனால எங்க தெருவுல பாதிப் பேரு வீட்டுக் கதை இதே கதை தான். முன்பக்கம் மங்களூர் ஓடு, பின்பக்கம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்து மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை), முன்னாடி ஒரே கல்லுல ஒரு திண்ணை, உள்ள எங்க தாத்தா 50-கள்ல போட்ட செவப்பு ஆக்சைடு தரை. ஓட்ட இறக்கினப்ப ஒண்ண திருப்பிப் பாத்தேன், பின்னாடி பேசல் மிஷன்னு அச்சு அப்படியே இருந்துச்சு, ஜெர்மன் மிஷன்காரங்க 1865-ல மங்களூர்ல ஆரம்பிச்ச ஓட்டு ஃபேக்டரி அது. நூறு வருஷத்துக்கு மேல வெயில்லயும் மழையிலயும் கிடந்த ஓடு, நகத்தால தட்டினா வெங்கலம் மாதிரி சத்தம் வருது. இறக்கினதுல முக்காவாசிக்கு மேல கழுவி திரும்ப ஏத்திட்டோம்.

ஏன் இடிக்கலன்னு எல்லாரும் கேக்குறாங்க. 2011-ல மெட்ரோ ஓட ஆரம்பிச்சதிலேருந்து எங்க தெருவுல இடம் வெல எங்கயோ போயிடுச்சு, எதிர் வரிசையில நாலு வீடு போயி நாலு மாடி பிஜி ஹாஸ்டல் வந்துடுச்சு. என் தம்பிக்கும் அந்த ஆச இருந்துச்சு, தப்பு சொல்ல மாட்டேன், அவனுக்கும் குழந்தைங்க இருக்கு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, இந்த மாதிரி வீடு செவுரு டு செவுரு நிக்குது, ஒரு தடவ இடிச்சுட்டு புதுசா பிளான் போட்டா முன்னாடி, பக்கத்துல எடம் விட்டாகணும், பன்னெண்டரை அடில ரெண்டு அடி போனாலே மிஞ்சுறது ஒரு நடபாதை தான். அதுக்கு மேல பொதுச்செவுரு, நம்ம பக்கத்த இடிச்சா பக்கத்து வீட்டு உத்திரம் எதுல நிக்கும்? கணக்குப் போட்டுக் காட்டினதும் தம்பி ஒத்துக்கிட்டான். அம்மாவுக்கு கணக்கெல்லாம் வேண்டியிருக்கல, அவங்க கல்யாணமாகி வந்த வீடு இது.

எங்க வீட்டோட பெரிய வியாதி ஓதம், அதாவது செவுத்துல ஏறுற ஈரம். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பணம் செலவு பண்ணியிருக்கோம், ரெண்டு தடவையும் வியாதி அதிகமாச்சு. 98-ல ஒரு கான்ட்ராக்டர் வெளிச்செவுரு பூரா பழைய சுண்ணாம்புப் பூச்ச உரிச்சுட்டு சிமெண்ட் அடிச்சார், 2009-ல இன்னொருத்தர் அது மேல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சு பத்து வருஷம் கேரண்டின்னார். மூணாவது மழையிலயே ஹால் செவுத்துல இடுப்பு உயரத்துக்கு பொருக்கு பொருக்கா உரிய ஆரம்பிச்சுது, கைய வச்சா வெள்ளையா உப்பு ஒட்டும். ஏன் அப்படி ஆச்சுன்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்ல, இந்த டீம் தான் முதல் தடவையா உக்காந்து சொன்னாங்க. பழைய செங்கலும் சுண்ணாம்பும் மூச்சு விடுற பொருள், மண்ணுலேருந்து ஏறுற ஈரம் செவுத்துக்குள்ள வந்தாலும் அப்படியே காத்துல ஆவியாகிப் போயிடும். அது மேல சிமெண்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் அடிச்சா அந்த ஈரத்துக்கு வழி அடச்சுப் போகுது, வெளிய போக முடியாம மேல மேல ஏறுது, உள்பக்கமா வருது, வர்றப்ப உப்பையும் இழுத்துட்டு வந்து பூச்சுக்குப் பின்னாடி படிகமா கட்டி பூச்சையே தள்ளி விட்டுடுது. நாங்க 98-ல காசு குடுத்து வியாதிய வாங்கியிருக்கோம். இத எழுதுறப்ப கூட எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா எங்க தெருவுல இன்னிக்கும் அதே வேலை நடந்துட்டு இருக்கு, போன வாரம் கூட ரெண்டு வீடு தள்ளி ஒரு செவுத்துக்கு சிமெண்ட் அடிச்சுட்டு இருந்தாங்க, போய் சொன்னேன், கேக்கல.

இவங்கள எப்படி புடிச்சோம்னா, மொத்தம் மூணு பேர வீட்டுக்குக் கூப்பிட்டோம். முதல் ஆள் உள்ள வந்து அஞ்சு நிமிஷத்துல "சார், டவுன் பண்ணிடலாம்"னார். ரெண்டாவது ஆளு போன்ல படமெல்லாம் காட்டினார், நல்லா தான் இருந்துச்சு, ஆனா செவுரு பூரா ஜிப்சம் போர்டு, மேல ஃபால்ஸ் சீலிங், பழசு எல்லாத்தையும் போர்வ போட்டு மூடுற வேலை. மூணாவதா வந்தது இந்த ஆர்க்கிடெக்ட் பொண்ணும் மேஸ்திரியும். மேஸ்திரி திருவண்ணாமலை பக்கம், அறுபது வயசு இருக்கும். எதுவும் பேசாம ஒரு சின்ன சுத்தியல எடுத்து செவுத்த வரிசையா தட்டிட்டே போனார், ஒரு எடத்துல டொக்கு டொக்குன்னு, ஒரு எடத்துல தொப்பு தொப்புன்னு சத்தம், தொப்புன்னு வந்த எடத்துலயெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டார். அந்தப் பொண்ணு எங்க அம்மாகிட்ட உக்காந்து, மழை பெஞ்சா முதல்ல எங்க ஒழுகும் ஆன்ட்டி, எந்த ரூம்ல பகல்ல லைட் போடுவீங்க, சமையல் பொகை எந்தப் பக்கம் போகும்னு ஒரு மணி நேரம் கேட்டுச்சு. டிராயிங் பத்தி வாயே திறக்கல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேட்டேன், தயங்காம குடுத்தாங்க. இத எல்லாரும் கேளுங்க, 1972 சட்டப்படி அங்க பதிவு பண்ணவங்க தான் ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கவே முடியும், பேனர்ல டிசைனர்னு போட்டிருக்குற எல்லாரும் அது இல்ல.

வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி இவங்க பண்ண ஒரு காரியத்துக்கே நான் பாதி மார்க் குடுப்பேன். ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் எங்களோட வந்து, பொதுச்செவுத்த அவங்க பக்கத்துலேருந்து போட்டோ எடுத்து, இருக்குற ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்க ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்ட பூச்சால ஒட்டி தேதி எழுதி வச்சாங்க. விரிசல் நகர்ந்துச்சுன்னா கண்ணாடி பட்டுன்னு உடைஞ்சிடும், நகரலன்னா அப்படியே இருக்கும். இடது பக்கத்து வீட்டு மாமா முதல்ல ரொம்ப கோவமா இருந்தார், "நீங்க இடிக்குற சத்தத்துல எங்க செவுரு போச்சுன்னா யாரு பாப்பா"ன்னு. கண்ணாடி ஒட்டின அப்புறம் அவரே தெனம் காலைல காபி குடிச்சிட்டு அதப் பாத்துட்டு வந்து "அஞ்சும் சரியா இருக்கும்மா"ன்னு சொல்லுவார். நடுவுல ஒண்ணு உடைஞ்சுது, பின்பக்கம் குழி தோண்டினப்ப, அன்னிக்கே வேலைய நிறுத்தி முட்டு குடுத்து அப்புறம் தான் தொடர்ந்தாங்க. சண்ட வரவேண்டிய எடத்துல சண்ட வரல, அது அந்த அஞ்சு ரூபா கண்ணாடியால.

டிசைன்ல ஒரு பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. முதல் டிராயிங்ல திண்ணைய எடுத்துட்டு வண்டி ஏத்துறதுக்கு சரிவு போட்டிருந்தாங்க, எனக்கும் அது நல்லதா தான் பட்டுச்சு, ஸ்கூட்டர் தெருவுல நிக்குதேன்னு. அம்மா பேப்பர பாத்துட்டு "இந்தக் கல்லு எங்கம்மா?"ன்னாங்க. எடுத்துடலாம் ஆன்ட்டி, பதிலுக்கு உள்ள ஒரு பெஞ்ச் வச்சிருக்கோம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. "உள்ள பெஞ்ச் போட்டா பூக்காரி வந்து உக்காருவாளா? சாயங்காலம் நான் யாரு மூஞ்சியப் பாப்பேன்?" அவ்வளவு தான் கேட்டாங்க. அடுத்த வாரம் புது டிராயிங் வந்துச்சு, திண்ணை இருந்த எடத்துல அப்படியே, அதுக்கு ஒட்டி மூணு அடில ஒரு கல் சரிவு. அந்தப் பொண்ணு அப்ப எங்க கூட பாண்டிச்சேரி பத்தி ரொம்ப நேரம் பேசுச்சு, அங்க தமிழ் பக்கத்துல வைசியாள் வீதில தெரு முகத்துல இருக்குற திண்ணையும் தாழ்வாரமும் வரிசையா சரி பண்ணதுக்கு 2008-ல யுனெஸ்கோ விருது குடுத்தாங்க, ஒரு வீட்ட மட்டும் அழகு பண்ணா பத்தாது, தெரு வரிசை தான் முக்கியம்னு. தன் முதல் டிராயிங் தப்புன்னு தானே ஒத்துக்கிட்டு மாத்தின ஆள நான் மதிக்குறேன்.

இப்ப வெளிச்சம். இந்த மாதிரி வீட்ல முன்னாடி ரூமுக்கும் பின்னாடி ரூமுக்கும் தான் ஜன்னல், நடுவுல இருக்குற இருபத்தஞ்சு அடி குகை. ஆதில அங்க ஒரு சின்ன முற்றம் இருந்திருக்கு, 84-ல ரூம் பத்தலன்னு அப்பா அது மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு மூடிட்டார், அன்னிலேருந்து நாப்பது வருஷம் அந்த எடத்துல பகல்லயும் டியூப் லைட் தான். இவங்க அத திரும்ப திறந்தாங்க, ஆறுக்கு ஏழு அடி. மேல சாய்வா ஸ்டீல் சட்டம் போட்டு லேமினேட் பண்ண டஃபண்டு கண்ணாடி, நாலு பக்கமும் ஒரு அடி உயரத்துக்கு லூவர் (காத்து போக இடைவெளி விட்டு சாய்வா வச்ச பட்டைங்க), புறா வராம வலை. சூடு மேல ஏறி லூவர் வழியா வெளிய போகும், அந்த இழுப்புல முன்வாசல்லேருந்து குளுந்த காத்து உள்ள வரும். நான் முதல்ல நம்பல. குடி வந்த அன்னிக்கு ஊதுபத்தி ஏத்தி வச்சோம், அந்தப் பொகை ஹால்லேருந்து நேரா கோடு போட்ட மாதிரி முற்றத்துப் பக்கம் போயி மேல ஏறிச்சு, அப்ப தான் நம்பினேன். சிங்கப்பூர்ல எங்க சித்தப்பா வீட்டுக்குப் போனப்ப லிட்டில் இந்தியாவுல பழைய கடை வீடுங்கள்ல இதே மாதிரி நடுவுல வானம் தெரியுற ஓட்டை இருக்குறத பாத்திருக்கேன், அங்க 1989-லயே அந்த ஏரியாவ பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சு, முகப்ப மாத்தாம உள்ள புதுசாக்கி வாழுறாங்க. நம்ம வீட்டுலயும் அதே விஷயம் இருந்துச்சு, நாமளே ஷீட் போட்டு மூடி வச்சிருந்தோம்.

ஏப்ரல்ல மட்டும் மதியம் பன்னெண்டுலேருந்து ரெண்டு வரைக்கும் முற்றத்துல நிக்க முடியல, அவ்வளவு வெயில். இத டிசைன்லயே யோசிச்சிருக்கணும், நாங்க தான் அப்புறமா மூங்கில் தட்டி வாங்கி மாட்டினோம்.

மெட்ராஸ் டெரஸ் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சவங்க கொறஞ்சுட்டே வர்றாங்க. தேக்கு உத்திரத்த ஒன்ற அடிக்கு ஒண்ணா வச்சு, அது மேல சின்னச் சின்ன மெல்லிசு செங்கல படுக்க வைக்காம குறுக்கு சாய்வா குத்தி நிறுத்தி சுண்ணாம்புல பிடிப்பாங்க, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்க, அதுக்கும் மேல தட்டு ஓடு. மேஸ்திரி இத கட்டக்குத்துன்னு தான் சொல்றார். எங்க வீட்ல பதினோரு உத்திரம். முதல்ல ரெண்டு தான் போயிருக்கும்னு நெனச்சாங்க, பூச்ச உரிச்சுப் பாத்தா அஞ்சு உத்திரத்தோட முனை, செவுத்துக்குள்ள உக்காந்திருக்குற பாகம், கரையான் தின்னு பொடியா இருந்துச்சு. வெளிய தெரியுற பாகம் இரும்பு மாதிரி இருக்கு, உள்ள ஒன்ற அடி ஒண்ணுமே இல்ல, ஸ்க்ரூடிரைவர குத்தினா கைப்பிடி வரைக்கும் போகுது. இத்தன வருஷம் அது கீழ தான் தூங்கினோம். வேற யாரா இருந்தாலும் மொத்தத்தையும் தள்ளிட்டு கான்கிரீட் போட்டிருப்பாங்க, இவங்க கீழ ஜாக்கி குடுத்து தூக்கி, அழுகின முனைய மட்டும் அறுத்து, பழைய வீடு இடிக்குற எடத்துலேருந்து வாங்கின தேக்குல அதே அளவுக்குத் துண்டு செஞ்சு, சாய்வா வெட்டி ஒண்ணோட ஒண்ணு கடிச்சு போல்ட் போட்டு, செவுத்துல உக்கார்ற எடத்துக்கு ஒரு ஸ்டீல் ஷூ வச்சாங்க, மரம் இனிமே செவுத்த தொடாது, ஈரமும் ஏறாது. ஆசாரி அந்த இணைப்ப போடுறப்ப ரெண்டு துண்டுக்கு நடுவுல ஒரு தபால் கார்டு கூட நுழையல. மேல பாத்தா புதுத் துண்டு வேற நிறமா தெரியுது, கறை அடிச்சு மறைச்சிடலாமான்னு கேட்டேன், வேண்டாம் அக்கா, எது பழசு எது புதுசுன்னு நாளைக்கு பாக்குறவனுக்குத் தெரியணும்னார். எனக்கு இப்ப அந்த ரெண்டு நிறம் தான் ரொம்ப புடிச்சிருக்கு.

சுண்ணாம்பு வேலைக்கு நேரம் ஆகும், இத மனசுல வச்சுக்கோங்க. சுண்ணாம்ப நீத்து வாரக்கணக்குல ஊற வச்சாங்க, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி தனியா ஒரு டிரம்ல, வீடே ஒரு மாதிரி புளிச்ச வாடை. சிமெண்ட் மாதிரி ராத்திரியோட ராத்திரியா இறுகாது, காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட மெதுவா இழுத்துத் தான் கெட்டியாகும், ஒரு பூச்சு காஞ்சு அடுத்த பூச்சு. அந்த நேரம் பாத்து 2024 மார்ச்ல பெங்களூர்ல தண்ணிப் பஞ்சம், குடிநீர கட்டட வேலைக்கு பயன்படுத்தினா 5,000 ரூபா ஃபைன்னு வாட்டர் போர்டு உத்தரவு போட்டுச்சு. கிட்டத்தட்ட அஞ்சு வாரம் வேலை நின்னுச்சு. சுத்திகரிச்ச கழிவுத் தண்ணி டேங்கர்ல கிடைச்சப்பறம் தான் ஆரம்பிச்சாங்க, அதையும் சுண்ணாம்புக்கு வேண்டாம், உப்பு இருக்கும்னு மேஸ்திரி சொல்லிட்டார், கான்கிரீட் அடித்தளம் நனைக்குறதுக்கு மட்டும் தான். அப்ப தான் பின்கட்டுல கல் போட்டு மூடி வச்சிருந்த பழைய கிணறு அம்மாவுக்கு ஞாபகம் வந்துச்சு. திறந்து தூர் வாரினா இருபத்தஞ்சு அடில தண்ணி. பாதி சுண்ணாம்பு வேலை அந்தக் கிணத்துத் தண்ணில தான் நடந்துச்சு, இப்ப ஓட்டுத் தண்ணி மொத்தமும் ஃபில்டர் வழியா அதுக்குள்ள தான் இறங்குது.

பின்பக்கம் மாடில ஒரு பெட்ரூமும் பாத்ரூமும் புதுசு. இங்க தான் இவங்க புத்திசாலித்தனம் தெரியுது, புது மாடியோட பாரம் ஒரு கிலோ கூட பழைய செவுத்து மேல இல்ல. நாலு ஸ்டீல் தூண், தனித்தனி அடித்தளம், குழிய மொத்தமா தோண்டாம ஒண்ணு ஒண்ணா தோண்டி கான்கிரீட் போட்டு மூடின அப்புறம் அடுத்தது, இல்லன்னா பொதுச்செவுரு உக்காந்துடும். தண்ணி புழங்குற எல்லாம் அந்த ஸ்டீல் பக்கத்துல, மர உத்திரத்துக்கு மேல ஒரு பைப்பும் போகல. தெருவுலேருந்து பாத்தா மாடி தெரியவே தெரியாது, ஓட்டு வரிசை பழைய மாதிரியே இருக்கு. வயரிங்கும் செவுத்த குடைஞ்சு போடல, கறுப்பு இரும்புக் குழாயில வெளிய தெரியுற மாதிரி நேரா போட்டிருக்காங்க, நல்லாவே இருக்கு.

இனி குறை.

முதல் குறை சூப்பர்வைசர். 13 மாசத்துல மூணு பேர் மாறினாங்க, ஒவ்வொருத்தருக்கும் நாங்க முதல்லேருந்து கதை சொன்னோம். ஏழு மாசத்துல முடியும்னு எழுதிக் குடுத்தாங்க, 13 ஆச்சு. தண்ணிக்கு ஒரு அஞ்சு வாரம், உத்திரத்துக்கு ஒரு மாசம், அது நியாயம், ஒத்துக்குறேன், மிச்சம் நாலு மாசம் ஆள் வராம போனது தான். நாங்க ஜோகுபாளையால மாசம் 22,000 வாடகைக்கு இருந்தோம், ஆறு மாசத்துக்கு கூடுதலா 1,32,000 போச்சு. தாமதத்துக்கு யார் பொறுப்புன்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி கூட இல்ல, நீங்க கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த வரிய எழுதி வாங்குங்க.

பாத்ரூம் தரை சரிவு. சூப்பர்வைசர் மாறின வாரத்துல டைல்ஸ் போட்டாங்க, தண்ணி ஊத்திப் பாத்தா வடிகாலுக்குப் போகாம கதவுப் பக்கம் வந்து நிக்குது. எழுபத்தி நாலு வயசு அம்மா இருக்குற வீடு. உடைச்சு திரும்ப போட்டாங்க, காசு கேக்கல, ஆனா நான் பக்கெட்ல தண்ணி ஊத்திப் பாக்கலன்னா யாருமே பாத்திருக்க மாட்டாங்க. அடுப்படியில பிளக் பாயிண்ட் ரெண்டே ரெண்டு, மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், இண்டக்ஷன் எல்லாம் எங்க மாட்டுறது? டிராயிங்லயே சொல்லியும் விட்டுட்டாங்க, குழாய் வெளிய இருக்குறதால சேக்குறது சுலபமா போச்சு. முற்றத்துக் கண்ணாடிய மேல போய் துடைக்க வழியே வைக்கல, ஓட்டு மேல ஏறித் தான் துடைக்கணும், இது எனக்கு உண்மையிலயே கோவம், மூணு மாசத்துல புழுதி படிஞ்சு வெளிச்சம் மங்கிடுது.

ஆனா எனக்கு மனசு ஆறாத விஷயம் கலர் கண்ணாடி. முன் ரூம் கதவுக்கு மேல அரை வட்டத்துல செவப்பு, நீலம், பச்ச, மஞ்சள்னு ஏழு துண்டு இருந்துச்சு, காலைல தரையில அந்த நிறம் விழும், சின்ன வயசுல நானும் தம்பியும் அந்த நிறத்து மேல கால வச்சு விளையாடுவோம். கழட்டி பத்திரமா வைங்கன்னு எழுதியே குடுத்திருந்தேன். கழட்டினாங்க, ஒரு கோணில சுத்தி செங்கல் குவியல் பக்கத்துல வச்சிருக்காங்க, மூணு துண்டு குப்பையோட லாரியில போயிடுச்சு. எனக்குத் தெரியாம அந்த எடத்துல அக்ரிலிக் வெட்டி மாட்டினாங்க, அன்னிக்கு சாயங்காலமே கண்டுபிடிச்சுட்டேன், அதோட நிறம் தரையில விழுறப்பவே வேற மாதிரி இருக்கு, பழைய கண்ணாடில ஒரு அலை இருக்கும், நிறம் லேசா அசையும். கழட்டச் சொல்லிட்டேன். பழைய கண்ணாடி தேடிக் குடுக்குறோம்னு ஆர்க்கிடெக்ட் எழுதிக் குடுத்திருக்காங்க, கடைசி தவணையில 40,000 நிறுத்தி வச்சிருக்கேன், அத வாங்கி மாட்டினதும் குடுப்பேன்.

காசு பத்தி எல்லாரும் கேக்குறதால: எஸ்டிமேட் 41 லட்சம், முடிஞ்சப்ப 49.5. கூடினதுல பெரிய பங்கு உத்திரம், முட்டு குடுத்தது, தேக்கு. அவங்க ஃபீஸ் வேலைச் செலவுல பத்து சதவீதம். சுண்ணாம்புப் பூச்சுக்கு சிமெண்ட விட நெறைய ஆகுது, முக்கியமா கூலி. பழைய வீட்டுல எஸ்டிமேட்டுக்கு மேல கால்வாசி தனியா கைல வச்சுட்டு இறங்குங்க, பூச்ச உரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எந்தப் பெரிய இன்ஜினியராலயும் சொல்ல முடியாது. எங்களுக்கு பேங்க் லோன் வேற நாலு மாசம் இழுத்துச்சு, அது தனிக் கதை.

மழை என்ன சொல்லுச்சுன்னா, மே மாசம் அந்த ராத்திரி நானும் தம்பியும் டார்ச் வச்சிட்டு ஒவ்வொரு செவுத்தையும் தடவிப் பாத்தோம். ஹால் செவுரு, முப்பது வருஷமா இடுப்பு வரைக்கும் நனைஞ்ச செவுரு, காஞ்சிருந்துச்சு. கீழ ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் லேசா கறுப்பு, மேஸ்திரிய கூப்பிட்டு காட்டினேன், பழைய உப்பு இன்னும் வெளிய வந்துட்டு இருக்கு, ரெண்டு வருஷம் வரும், துடைச்சுட்டே இருங்க, மேல ஒண்ணும் அடிக்காதீங்கன்னார். அதே தான் நடக்குது, செப்டம்பர்ல இன்னும் கொறஞ்சிருந்துச்சு. முற்றத்துல லூவர் வழியா சாரல் ஒரு பக்கம் அடிச்சுது, அதுக்கு அவங்களே வந்து ஒரு தகடு மடிச்சு மாட்டிட்டுப் போனாங்க, போன் பண்ண மூணாவது நாள். வேலை முடிஞ்சப்பறமும் போன எடுக்குறாங்க, இத சொல்லியாகணும்.

எனக்கு மார்க் போடச் சொன்னா பழைய வீட்டப் புரிஞ்சுக்குறதுக்கும் கட்டுமானத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு, வெளிச்சத்துக்கு நாலரை, சைட்ட நடத்துறதுக்கு ரெண்டு. உங்ககிட்ட மல்லேஸ்வரமோ பசவனகுடியோ, காக்ஸ் டவுனோ, சிவாஜிநகரோ, இந்த மாதிரி ஒட்டி நிக்குற பழைய வீடு இருந்து, தெனம் ஒரு தடவ சைட்டுக்குப் போய் நிக்க வீட்ல ஒரு ஆளும் இருந்தா இவங்கள தாராளமா கூப்பிடலாம். அவசரமா முடிக்கணும், வெளியூர்ல இருக்கேன், போட்டோ அனுப்பினா போதும்னா இவங்க வேண்டாம்.

வேலைய நேர்ல பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க, காலைல பத்தரைக்கு மேல, அப்ப தான் முற்றத்து வெயில் ஹால் தரை வரைக்கும் வரும். அம்மா திண்ணையில தான் இருப்பாங்க, கேட்டா கிணத்தையும் திறந்து காட்டுவாங்க.